ராதா கிருஷ்ணா தொடர்: எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைக்கும் சித்தூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். மாவட்டம் பாலக்காடு, வீட்டில் பேசுவது தமிழ், சந்தையில் தமிழும் மலையாளமும் பாதிக்குப் பாதி. முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், ராதா கிருஷ்ணா தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து "டீச்சர், இது நிஜமாவே புராணத்தில் இருக்கா?" என்று கேட்டு யாராவது திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அதில் அடிக்கடி வரும் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எந்தத் தொடர்? எப்போது வந்தது?

இந்தியில் 'ராதாகிருஷ்ண்' என்ற பெயரில் ஸ்டார் பாரத்தில் 2018 அக்டோபர் 1 அன்று தொடங்கி, 2023 ஜனவரி 21 வரை ஓடியது. மொத்தம் ஆயிரத்து நூறு பகுதிகளுக்கு மேல். தயாரித்தவர் சித்தார்த் குமார் திவாரி. 2013-இல் வந்த மகாபாரதமும் அவருடைய ஸ்வஸ்திக் நிறுவனம் எடுத்ததுதான். கிருஷ்ணராக சுமேத் முத்கல்கர், ராதையாக மல்லிகா சிங். தமிழ்க் குரல் கொடுத்து விஜய் டிவியில் வந்தது, மலையாளத்தில் ஏஷியாநெட்டில் 'கண்ணன்டெ ராதா' என்று வந்தது.

தமிழில் பார்ப்பது நல்லதா, மலையாளத்திலா?

எது காதுக்குப் பழக்கமோ அதில் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஓடியது. மலையாளத் தலைப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்ணன் என்ற பேர் நமக்கும் அவர்களுக்கும் பொது. தமிழ்த் தாலாட்டில் கண்ணன் என்றால், மலையாளத்தில் உண்ணிக்கண்ணன் என்பார்கள். அந்த ஒரு பேரைத் தலைப்பில் வைத்ததுமே மதுராப் பக்கத்துக் கதை பாலக்காட்டு வீட்டுக் கதையாகிவிட்டது.

பாகவதத்தில் ராதையே இல்லை என்கிறார்களே, உண்மையா?

பேர் இல்லை, அது உண்மை. பத்தாவது ஸ்கந்தத்தில், அதாவது பத்தாம் பாகத்தில், 29 முதல் 33 வரை ஐந்து அத்தியாயங்கள் கோபியரோடு கண்ணன் ஆடிய ராசலீலையைச் சொல்கின்றன. அதில் எங்கேயும் ராதை என்ற பேர் கிடையாது. ஆனால் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி 30-ஆம் அத்தியாயத்தில் வரும் இடத்தை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

சரத் காலத்துப் பௌர்ணமி. கோபியரோடு விளையாடிக்கொண்டிருந்த கண்ணன் திடீரென்று மறைந்துவிடுகிறான். கோபியர் மரத்தையும் கொடியையும் கேட்டபடி காட்டில் தேடுகிறார்கள். மணலில் அவன் காலடி தெரிகிறது. கொஞ்ச தூரம் போனதும் பக்கத்திலேயே ஒரு பெண்ணின் காலடியும் தெரிகிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அவள் அடி காணாமல் போய், அவன் அடி மட்டும் முன்பைவிட ஆழமாகப் பதிந்திருக்கிறது. புல் குத்துமே என்று அவளைத் தூக்கிக்கொண்டிருக்கிறான், அந்தப் பாரம்தான் அது என்று கோபியர் கண்டுகொள்கிறார்கள். அப்புறம் ஒரு மரத்தடியில் அவன் விரல் நுனி மட்டும் பதிந்திருக்கிறது. அவளுக்குப் பூப் பறிக்க எக்கி நின்றிருக்கிறான்!

இவள்தான் அவனைச் சரியாக ஆராதித்தவள் என்று கோபியர் சொல்கிறார்கள். அந்த 'ஆராதித்தவள்' என்ற சொல்லுக்குள் ராதை என்ற பேர் மறைந்திருக்கிறது என்று பின்னால் வந்த ஆசாரியர்கள் பொருள் கொண்டார்கள். அவள் முகத்தையோ பேரையோ காட்டாமல், மணலில் பதிந்த கால் ஒன்றைக் கொண்டே அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிட்டார் பாகவதம் பாடியவர். தொடரில் எத்தனை விளக்கு, எத்தனை பூ போட்டாலும் இந்த இடத்தைத் தொட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் ராதை என்ற பேர் எங்கிருந்து வந்தது?

பிராகிருத மொழியில் ஹாலன் தொகுத்த காதல் பாட்டுத் தொகுதியிலேயே, மாட்டுக் குளம்படித் தூசியைக் கண்ணன் ராதையின் முகத்திலிருந்து ஊதி எடுக்கிறதாக ஒரு பாட்டு இருக்கிறது. ஆனால் அவளை முழு நாயகி ஆக்கியவர் 12-ஆம் நூற்றாண்டில், வங்காளத்து லட்சுமணசேனன் காலத்தில் இருந்த ஜெயதேவர். அவருடைய கீதகோவிந்தம் 12 சர்க்கம் (அத்தியாயம்), 24 பாட்டு. ராதை கோபித்துக்கொள்கிறாள், கண்ணன் காத்துக் கிடக்கிறான், தோழி நடுவில் தூது போகிறாள். கதை இவ்வளவுதான். உன் பாதத்தை என் தலைமேல் வை என்று கண்ணனே கெஞ்சுகிற வரியை எழுத ஜெயதேவருக்குக் கை வரவில்லையாம். எழுதாமல் குளிக்கப் போனார், கண்ணன் அவர் வடிவில் வந்து அந்த வரியை எழுதிவிட்டுப் போனான் என்பது ஐதீகம்.

இந்தப் பாட்டுகள் நமக்கு ரொம்பக் கிட்டத்தில்தான் இருக்கின்றன. கேரளத்துக் கோயில்களில் நடை அடைத்து உள்ளே பூஜை நடக்கும்போது, கருவறைக்கு ஏறும் சோபானப் படிக்குப் பக்கத்தில் ஒருவர் தோளில் உடுக்கை போன்ற இடைக்காவை மாட்டிக்கொண்டு, தட்டித் தட்டி அஷ்டபதி பாடுவார். அஷ்டபதி என்பது ஜெயதேவர் பாட்டேதான். தொடர் பார்த்துவிட்டு 'வடக்கத்திக் கதை' என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்காவிடம், நீங்கள் சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்டு வளர்ந்தது ராதையின் கோபத்தைத்தான் என்று சொன்னேன். அடுத்த வாரம் அந்த அக்கா நடை திறந்த பிறகும் வெளியிலேயே நின்று பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஸ்ரீதாமாவின் சாபம், நூறு வருஷப் பிரிவு இதெல்லாம் தொடர்க்காரர்கள் சேர்த்ததா?

இல்லை, பிரம்மவைவர்த்த புராணத்தில் இருக்கிறது. கண்ணனின் மேலுலகமான கோலோகத்தில் ராதைக்கும் கண்ணனின் தோழன் ஸ்ரீதாமாவுக்கும் சண்டை மூள, ஒருவரையொருவர் சபித்துக்கொள்கிறார்கள். பூமியில் பிறந்து நூறு வருஷம் கண்ணனைப் பிரிந்திருப்பாய் என்பது அவளுக்குக் கிடைத்த சாபம். தொடரின் முதுகெலும்பே இந்தச் சாபம்தான். வசனமும் இடையில் வரும் குடும்பச் சண்டைகளும் பெரும்பாலும் எழுத்தாளர்கள் கைவேலை. தினமும் ஒரு பகுதி வேண்டும் என்றால் அப்படித்தான் நீட்ட முடியும், அதை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

அயன் என்று ஒருவன் வருகிறானே, அவன் யார்?

ராதைக்கு மணம் பேசப்பட்டவன். வங்காளத்துக் கதைகளில் அயன் என்றும் அபிமன்யு என்றும் வருவான். அவன் அம்மா ஜடிலை, தங்கை குடிலை. பிரம்மவைவர்த்தத்தில் ராயாணன் என்று பேர். அவன் மணந்தது ராதையின் நிழலைத்தான், நிஜ ராதை மறைந்துவிட்டாள் என்று அந்தப் புராணம் சொல்கிறது.

நப்பின்னை என்று ஆழ்வார் பாட்டில் வருகிறாளே, அவள்தான் ராதையா?

மார்கழியில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். திருப்பாவையில் 18, 19, 20 மூன்று பாட்டிலும் ஆண்டாள் நப்பின்னையை எழுப்புகிறாள். அவளை எழுப்பினால்தான் கண்ணன் எழுவான் என்பது போல அந்த மூன்று பாட்டும் போகும்.

இரண்டு பேரும் கண்ணனுக்கு உயிர் என்ற அளவில் ஒன்றுதான். கதையில் வேறு வேறு ஆள். நப்பின்னை கும்பகன் மகள். கும்பகன் யசோதைக்கு அண்ணன் தம்பி முறை என்று வைணவ வழக்கு சொல்லும். அப்படியென்றால் கண்ணனுக்கு மாமன் மகள், முறைப்பெண்! ஏழு காளைகளை அடக்கி அவளைக் கட்டினான். (பாகவதத்தில் கோசல நாட்டு நக்னஜித் மகள் சத்யைக்கும் இதே ஏழு காளைக் கதை உண்டு.) ராதையின் காதலில் ஊருக்குத் தெரியாத ஒளிவு மறைவு இருக்கிறது. நப்பின்னையிடம் அது இல்லை, காளையை அடக்கி, ஊர் பார்க்கக் கட்டிக்கொண்டு போன கல்யாணம். முறை மாமன், முறைப்பெண் என்று பேசிப் பழகிய நம் பக்கத்து ஜனங்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும்.

அவள் ஆழ்வார்களுக்கும் முந்தியவள். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்று ஒரு காதை உண்டு. மதுரை ஓரத்து ஆயர்சேரியில் அன்று காலை குடத்தில் ஊற்றிய பால் உறையவில்லை, உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது, ஆட்டுக்குட்டி துள்ளாமல் நிற்கிறது, மாட்டுக் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கெட்டது வரப்போகிறது என்று மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்திக் குரவை ஆட வைக்கிறாள். ஒருத்தியைக் கண்ணன் என்றும், ஒருத்தியைப் பலராமன் என்றும், ஒருத்தியைப் பின்னை என்றும் வைத்து ஆடுகிறார்கள். இந்தப் பக்கம் மாடு வளர்க்காத வீடு குறைவு. பால் உறையாத காலை எப்படி மனதைப் போட்டுப் பிசையும் என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கலக்கத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து கண்ணனையும் பின்னையையும் நடுவில் வைத்து ஆடுவது.

கண்ணன் ஏன் ராதையை விட்டுப் போனான்? ஒருமுறையாவது திரும்பி வந்திருக்கலாமே?

இதைக் கேட்காத பெண்பிள்ளை இல்லை. கோபமாகக் கேட்பவர்கள் உண்டு, அழுதுகொண்டே கேட்டவர்களும் உண்டு.

கதைப்படி, அக்ரூரர் தேர் கொண்டுவந்து கண்ணனையும் பலராமனையும் மதுரைக்கு, அதாவது வடமதுரைக்கு அழைத்துப் போகிறார். கம்சவதம், அப்புறம் ஜராசந்தன் படையெடுப்பு, அப்புறம் துவாரகை. காரியம் மேல் காரியமாக இழுத்துக்கொண்டு போகிறது. தேர் கண்ணுக்கு மறைகிற காட்சியைப் பாகவதம் ஒரே சுலோகத்தில் சொல்லிவிடும். தேரின் கொடி தெரிகிற மட்டும், கொடி மறைந்த பிறகு சக்கரத் தூசி தெரிகிற மட்டும், கோபியர் எழுதிவைத்த சித்திரம் போல நின்றார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லைச் சாவடிகள் அடைபட்டன. எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, அப்போது எண்பது தாண்டிவிட்டது. சின்ன மகள், அதாவது என் சித்தி, பொள்ளாச்சிப் பக்கம். கோபாலபுரம் சாவடி தாண்டினால் பஸ்ஸில் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். வாரம் தவறாமல் வந்து தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போகிறவர் மாசக்கணக்கில் வர முடியவில்லை. கடைசியாக வந்துவிட்டுப் போன அன்று வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு, பஸ் கிளப்பிய புழுதி அடங்கும் வரை அம்மாயி நின்றார். 'இன்னிக்கு என்னமோ கண்ணு நெறையுது' என்று மட்டும் சொன்னார். ஊரடங்கு வரப்போகிறதென்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த நாட்களில் பேத்தியின் போனில் இந்தத் தொடரின் பழைய பகுதிகளைப் பார்ப்பார். தேர் புறப்படுகிற இடம் வந்தபோது போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அந்தச் சுலோகத்தை அர்த்தம் சொல்லிப் படித்தேன். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம், "தூசி வரைக்கும் பார்த்திருக்காங்க பாரு அம்மிணி" என்றார்.

ஆகவே 'ஏன் போனான்' என்பதற்குப் புராணம் தரும் காரணங்களை நான் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் பாகவதம் பாடியவர் நின்று எழுதியது, விட்டுப் போகப்பட்டவர்கள் எப்படி நின்றார்கள் என்பதைத்தான். பிறகு தன் நண்பர் உத்தவரைத் தூது அனுப்புகிறான் கண்ணன். ஞானம் சொல்ல வந்த உத்தவர், கோபியரின் அன்பைப் பார்த்துவிட்டு, பிருந்தாவனத்தில் இவர்கள் கால் தூசி படுகிற ஒரு செடியாகவாவது பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்புகிறார்.

திரும்பி வரவில்லை என்றாலும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். சூரிய கிரகணத்துக்குக் குருக்ஷேத்திரத்தில் தீர்த்தமாட எல்லா நாட்டு ஜனங்களும் கூடுகிறார்கள். துவாரகையிலிருந்து கண்ணன் வருகிறான், நந்தகோபனும் கோபியரும் வருகிறார்கள். அத்தனை வருஷம் கழித்துப் பார்க்கும்போது, நடுவில் இமைத்து மறைக்கிறதே என்று கண்ணுக்கு இமை வைத்த பிரமனை அந்தப் பெண்கள் திட்டுகிறார்கள். பத்தாவது ஸ்கந்தம் 82-ஆம் அத்தியாயம். சித்தி மறுபடி வந்த அன்று அம்மாயி சித்தி முகத்தைப் பார்த்த பார்வையில் எனக்கு இந்த வரி ஞாபகம் வந்தது.

கடைசியில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்ததா இல்லையா?

பாகவதத்தில் கிடையாது. பிரம்மவைவர்த்தத்தில் பாண்டீரவனத்தில் பிரம்மாவே முன்நின்று நடத்தி வைக்கிறார். இன்னொரு பதில், வருஷா வருஷம் நடக்கிறது என்பது. பாலக்காட்டு அக்ரஹாரங்களில் பஜனைக்காரர்கள் ராதா கல்யாணம் நடத்துவார்கள். காலையில் உஞ்சவிருத்தி (பாடிக்கொண்டே வீதியில் அரிசி வாங்குவது), முத்துக்குத்தல் (உரலில் குத்தியபடி பாடும் சடங்கு), பிறகு மாங்கல்யம், எல்லாம் நம் வீட்டுக் கல்யாணம் மாதிரியே. தஞ்சாவூர்ப் பக்கத்தில் மருதாநல்லூர் சுவாமிகள் ஒழுங்குபடுத்திய பஜனை முறை அது.

உடன் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் என்னைக் கல்பாத்திப் பக்கம் ஒருமுறை கூட்டிப்போனார். ராத்திரி திவ்யநாமம். கூடத்து நடுவில் ஒரு குத்துவிளக்கு. அதையே கண்ணனாக வைத்து, பாடுகிறவர்கள் எல்லாரும் கோபியராகச் சுற்றி ஆடுகிறார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் வேட்டியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் முழங்காலைத் தாங்கியபடி சுற்றினார். மூன்றாவது சுற்றில் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

ஆண்டாள் கதையும் இதுவும் ஒன்றா?

ஏக்கம் ஒன்று, ஆள் வேறு. ஆண்டாள் தானே நாயகியாக நின்று பாடினாள். 143 பாட்டுள்ள நாச்சியார் திருமொழியில் கனவில் நடந்த கல்யாணத்தைச் சொல்லும் வாரணமாயிரம், இன்றும் வைணவக் கல்யாணங்களில் ஓதப்படுகிறது. நம்மாழ்வாரோ ஆணாக இருந்து பெண்ணாகப் பாடியவர். திருமூழிக்களத்துப் பெருமானுக்குக் குருகுப் பறவையைத் தூது விடுகிறார், அடுத்த பதிகத்திலேயே திருநாவாயைச் சேரும் நாள் எது என்று ஏங்குகிறார். இரண்டும் கேரளத்துத் தலங்கள். சித்தூர் வழியாகப் போகிற நம் ஆற்றுத் தண்ணீர் பறளியில் பாரதப்புழையோடு கலந்து அந்தத் திருநாவாய்க் கோயில் படியைத் தொட்டுக்கொண்டுதான் பொன்னானியில் கடலுக்குப் போகிறது. ஆழ்வார் ஏங்கிய ஊருக்கு நம் வாய்க்கால் தண்ணீர் தினமும் போய்ச் சேர்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சும்மா சொல்வதில்லை, அது எனக்கு ஒரு பெருமை.

கண்ணன் நீலமா, கறுப்பா?

ஆழ்வார்கள் கார்மேகம் என்றார்கள், காயாம்பூ என்றார்கள். காயாம்பூ மலையோரத்தில் பூக்கும்போது ஒரு கொத்துப் பறித்துப் பாருங்கள், பதில் கையில் இருக்கும்.

பிள்ளைகள் பார்க்கலாமா? ஆயிரத்துச் சொச்சம் பகுதிக்கு நேரம் ஏது?

தாராளமாகப் பார்க்கலாம். அசிங்கம் ஒன்றும் கிடையாது, பட்டும் பூவும் பாட்டும் கொஞ்சம் திகட்டும், அவ்வளவுதான். நேரமில்லை என்றால் கோலோகத்துச் சாபம், ராசலீலை, அக்ரூரர் வருகை, இந்த மூன்றை மட்டும் பாருங்கள். கூடவே ராசலீலையும் அக்ரூரர் வருகையும் பாகவதத்தில் வரும் இடங்களைத் தமிழ் உரையில் வாசித்துக் காட்டுங்கள்.

இதையெல்லாம் யாராவது ஆட நேரில் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, குருவாயூர் போங்கள். கோழிக்கோட்டு அரச வம்சமான சாமூதிரிகளில் ஒருவரான மானவேதன் 1654 வாக்கில் எழுதிய கிருஷ்ணகீதியை வைத்து ஆடும் கிருஷ்ணனாட்டம் அங்கே வழிபாடாக நடக்கிறது. அவதாரம், காளியமர்த்தனம், ராசகிரீடை, கம்சவதம், சுயம்வரம், பாணயுத்தம், விவிதவதம், சுவர்க்காரோகணம் என்று எட்டு நாள் கதை. பிள்ளை வரம் வேண்டி அவதாரம், கல்யாணம் கூடிவரச் சுயம்வரம், கணவன் மனைவி பிணக்குத் தீர ராசகிரீடை என்று நேர்ந்துகொள்வார்கள். சுவர்க்காரோகணம் ஆடினால் கூடவே அவதாரமும் ஆட வேண்டும், கண்ணன் போனதோடு கதையை நிறுத்தமாட்டார்கள். மானவேதன் குழந்தைக் கண்ணனைக் கண்டு அணைக்கப் போனபோது கையில் ஒரு மயில்பீலி மட்டும் மிஞ்சியது, அதைத்தான் ஆட்டக் கண்ணனின் கிரீடத்தில் வைத்தார்கள் என்று சொல்வார்கள்.

ராத்திரி நடை அடைத்த பிறகுதான் தொடங்கும், செவ்வாய்க்கிழமை கிடையாது, மழைக்கால மாசங்களிலும் இருக்காது. வழிபாடு செய்ய முன்கூட்டியே தேவஸ்வத்தில் (கோயில் நிர்வாகத்தில்) கேட்டுக்கொள்ளுங்கள். வயசானவர்களைக் கூட்டிப்போனால் போர்த்திக்கொள்ள ஒரு துண்டு எடுத்துவையுங்கள், நடுராத்திரி தாண்டியும் ஆட்டம் போகும்.